எத்தியேன் ஜூல் மாரே

எத்தியேன் ஜூல் மாரே (மார்ச் 5, 1830 – மே 15, 1904) ஒரு பிரெஞ்சு மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். இதயத்துடிப்பு, நடை, பறத்தல் போன்ற இயக்கங்களைக் கருவிகளின் துணையால் வரைகோடுகளாகப் பதிவு செய்தவர். திரைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும், இரப்பர் அறைகளிலும் குழாய்களிலும் அடைபட்ட காற்றைக் கொண்டு இயக்கத்தை உணரும் முறையை விரிவாக வளர்த்தது இவரது மற்றொரு முதன்மையான பங்களிப்பாகும். மின்னணுக் கருவிகள் தோன்றுவதற்கு முன் உருவான இம்முறையின் அடிப்படைக் கருத்து, இன்று மென் ரோபோக்களின் ஆய்வில் மீண்டும் இடம்பெறுகிறது.

இளமையும் கல்வியும்

மாரே பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள போன் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை திராட்சை மது வணிகத்தில் பணியாற்றியவர். மாரேக்குப் பொறியியல் பயில விருப்பம் இருந்தது. தந்தையோ மகன் மருத்துவராக வேண்டும் என விரும்பினார். தந்தையின் விருப்பப்படி 1849 இல் பாரிசு சென்று மருத்துவம் பயின்ற மாரே, 1859 இல் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். கருவிகள் மீதான ஆர்வம் இவரை விட்டு நீங்கவில்லை. உயிருள்ள உடலையும் ஓர் இயந்திரமாகக் கருதி அளக்க முடியும் என்பதே இவரது ஆய்வுகள் அனைத்திற்கும் அடிப்படையாக அமைந்தது.

1860 இல் மணிக்கட்டில் பொருத்தக்கூடிய எடை குறைந்த நாடித்துடிப்பு வரைவியை உருவாக்கினார். 1864 இல் பாரிசில் பழைய நாடக அரங்கு ஒன்று இருந்த கட்டடத்தில் தம் சொந்த ஆய்வுக்கூடத்தை அமைத்தார். 1869 இல் பிரான்சுக் கல்லூரியில் பேராசிரியரானார்.

காற்றுவழி உணரி

மாரே பயன்படுத்திய முதன்மையான கருவி, சிறிய மேளம் போன்ற ஓர் உலோகக் கிண்ணமாகும். அதன் வாய் மெல்லிய இரப்பர்ச் சவ்வினால் மூடப்பட்டிருக்கும். ஒரு முனையில் உள்ள இரப்பர் அறையையோ கிண்ணத்தையோ அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று குழாய் வழியே தள்ளப்பட்டு, மறுமுனையில் உள்ள கிண்ணத்தின் சவ்வை உயர்த்தும். சவ்வின் மேல் உள்ள நெம்புகோல் அந்த அசைவைப் பெரிதாக்கி, சுழலும் உருளையில் சுற்றப்பட்ட புகைக்கரி பூசிய தாளில் கோடாக வரையும்.

இவ்வமைப்புக்கு மின்சாரம் தேவையில்லை. அளக்கப்படும் உடலின் மேல் கனமான கருவி எதையும் ஏற்றவும் வேண்டியதில்லை. பல குழாய்களை ஒரே உருளையுடன் இணைத்து, வெவ்வேறு உறுப்புகளின் அசைவுகள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றனவா எனவும் ஒப்பிட முடிந்தது.

இதய ஆய்வு

மார்பில் கையை வைக்கும்போது உணரப்படும் துடிப்பு இதயம் சுருங்கும்போது ஏற்படுகிறதா, விரியும்போது ஏற்படுகிறதா என்பது குறித்து அக்காலத்தில் கருத்து வேறுபாடு நிலவியது. 1861 இல் தொடங்கி மாரேயும் கால்நடை மருத்துவ அறிஞர் ஓகுஸ்த் ஷோவோவும் இணைந்து இதனை ஆராய்ந்தனர். சிறிய இரப்பர்க் குமிழ்கள் பொருத்திய குழாய்களை இரத்தக் குழாய்கள் வழியே குதிரையின் இதய அறைகளுக்குள் செலுத்தினர். மேலறை, கீழறை, மார்புத்துடிப்பு ஆகியவற்றின் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிவாயின. கீழறை சுருங்கும்போதே மார்புத்துடிப்பு ஏற்படுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

நடையும் ஓட்டமும்

மாரேயின் மாணவரான காஸ்தோன் கார்லே, மனித நடை பற்றிய தமது ஆய்வேட்டை 1872 இல் வெளியிட்டார். இதற்காகக் காற்றறைகள் கொண்ட அடிப்பகுதியை உடைய காலணிகள் பயன்படுத்தப்பட்டன. குதிகாலும் முன்பாதமும் எப்போது தரையைத் தொடுகின்றன, எப்போது விலகுகின்றன என்பதை இவை காட்டின.

இதே முறையை மாரே குதிரைக்கும் பயன்படுத்தினார். குளம்புகளின் அடியில் இரப்பர் உருண்டைகள் பொருத்தப்பட்டன. குழாய்கள் கால்களின் வழியாக மேலேறி, குதிரை மீது அமர்ந்திருப்பவர் கையில் வைத்திருந்த பதிவுக் கருவியை அடைந்தன. குதிரை ஓடும்போது நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு நீங்கும் கணம் உண்டு என்பதை இப்பதிவுகள் காட்டின. இம்முடிவுகள் 1873 இல் வெளிவந்த விலங்கு இயந்திரம் என்னும் பொருள்படும் இவரது நூலில் இடம்பெற்றன. இந்நூல் அமெரிக்கச் செல்வந்தர் லேலண்ட் சுடான்போர்டின் கவனத்தை ஈர்த்தது. அவரது ஆதரவுடன் எட்வேர்டு மைபிரிட்சு 1878 இல் எடுத்த ஒளிப்படங்கள் மாரேயின் முடிவை உறுதிப்படுத்தின.

ஒளிப்படத்திற்கு மாறுதல்

காற்றுவழி உணரிக்கு எல்லைகளும் இருந்தன. குழாய் நீளமானால் செய்தி சேர்வது தாமதமாகும். பறவைகளின் பறத்தலையும் மாரே இம்முறையில் பதிவு செய்தார். ஆனால் உடலில் கட்டிய கருவியும் குழாயும் அவற்றின் தடையற்ற இயக்கத்தைக் குலைத்தன. அளக்கும் கருவியே அளக்கப்படும் இயக்கத்தை மாற்றிவிடக் கூடாது என்பதால், தொடாமல் பதிவு செய்யும் வழியை இவர் நாடினார்.

1882 இல் நொடிக்கு 12 படங்கள் எடுக்கும் ஒளிப்படத் துப்பாக்கியை உருவாக்கினார். அதே ஆண்டில் பாரிசின் புலோஞ் பூங்காப் பகுதியில் உடலியங்கியல் நிலையம் நிறுவப்பட்டது. அங்கு உதவியாளர் ஜோர்ஜ் தெமெனியுடன் பணியாற்றினார். படங்களைத் திரையில் காட்டி வணிகம் செய்வதில் தெமெனி காட்டிய ஆர்வம் இருவரையும் பிரித்தது. 1894 இல் தெமெனி விலகினார். மாரேக்கு இயக்கத்தைப் பகுத்து அறிவதே நோக்கமாக இருந்தது. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே மீண்டும் காட்டுவதில் இவர் பெரிய பயன் காணவில்லை.

இறுதி ஆண்டுகளில் மெல்லிய புகை இழைகளைக் காற்றோட்டத்தில் செலுத்தி, தடைகளைச் சுற்றிக் காற்று எவ்வாறு வளைந்து செல்கிறது என்பதைப் படம் பிடித்தார். 1904 இல் பாரிசில் காலமானார்.

இன்றைய தொடர்பு

சிலிக்கோன் போன்ற நெகிழும் பொருள்களால் ஆன மென் ரோபோக்களில் வழக்கமான கம்பிகளும் மின்னணு உணரிகளும் வளைந்தும் நீண்டும் பழுதாகக்கூடும். எனவே காற்றோ நீர்மமோ அடைத்த அறைகளையே உணரிகளாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் பல்கலைக்கழகங்களில் நடைபெறுகின்றன. 2021 இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர், ஆய்வு மாணவர் ஒருவரை முதல் ஆசிரியராகக் கொண்டு, மின்னணுப் பகுதிகள் இல்லாத நான்கு கால் மென் ரோபோவைப் பற்றி வெளியிட்டனர். அழுத்தமூட்டிய காற்றால் இயங்கிய அது, முன்னே நீட்டப்பட்ட மென்குமிழ் ஒரு தடையில் மோதி அழுந்தியதும் அடைப்பிதழ் ஒன்று மாற, திசை திரும்பி நடந்தது.

மாரேயின் கருவியில் அழுத்தம் கோடாக மாறியது. இங்கு அதுவே அடுத்த அசைவுக்கான கட்டளையாகிறது. குழாயின் நீளத்தால் நேரும் தாமதம் போன்ற மாரே சந்தித்த சிக்கல்களை இத்துறையினரும் எதிர்கொள்கின்றனர். கருவி உடலைத் தடுக்கிறது என்பதால் மாரே காற்றுக் குழாய்களிலிருந்து ஒளிப்படத்துக்கு மாறினார். மென் ரோபோவில் உணரி உடலின் ஒரு பகுதியாகவே அமைவதால், இத்தடை பெருமளவு குறைகிறது என்பது குறிப்பிடத்தக்கது.