பபேஜின் எழுதப்படாத ஒப்பந்தம்

மென்பொருள் நிறுவனமொன்றில் தேவை ஆவணங்கள் எழுதுவது என் தொழில். வாடிக்கையாளர் கேட்பது என்ன, எது நடந்தால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும், எதெல்லாம் இந்த வேலைக்குள் அடங்காது என்பவற்றை, ஒரு வரி கோட் எழுதப்படும் முன்னரே எழுத்தில் கொண்டுவர வேண்டும். புதிதாகச் சேர்பவர்கள் இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும்போது நான் சார்ல்ஸ் பபேஜின் கதையைச் சொல்வதுண்டு. கணினியின் தந்தை என்று ஒரே வரியில் அவரைப் படித்திருப்போம். ஆனால், தாம் வடிவமைத்த பெரிய இயந்திரங்களில் ஒன்றைக்கூட அவர் வாழும் காலத்தில் கட்டி முடிக்கவில்லை.

1791 இல் இலண்டனில் ஒரு வங்கியாளரின் மகனாகப் பிறந்தவர் பபேஜ். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1821 இல் நண்பர் ஜோன் ஹேர்ஷலுடன் சேர்ந்து வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்தபோது, பக்கத்துக்குப் பக்கம் பிழைகள் கண்ணில் பட்டன. கடலோடிகளும் வானியலாளரும் நம்பியிருந்த அந்த அட்டவணைகளை மனிதர்களே கையால் கணித்தனர், கையால் அச்சுக் கோர்த்தனர். கணிப்பதிலும் பிழை, கோர்ப்பதிலும் பிழை. கூட்டலை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து விடையைத் தானே அச்சுக்கும் கொடுக்கும் ஓர் இயந்திரத்தை அவர் எண்ணினார். அதுதான் வித்தியாசப் பொறி. அடுத்த ஆண்டே சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார்.

1823 இல் நிதியமைச்சர் பிரெடெரிக் ரொபின்சனைச் சந்தித்தார். என்னைப் பொறுத்தவரை கதையின் மையம் இந்தச் சந்திப்புத்தான். அங்கே பேசப்பட்டவற்றை யாரும் குறிப்பெடுக்கவில்லை. இயந்திரம் முடியும்வரை அரசு செலவை ஏற்கும் என்று பபேஜ் விளங்கிக்கொண்டார். திறைசேரியோ 1,500 பவுண் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று எண்ணியது. இயந்திரம் எத்தனை ஆண்டில் முடியும், முடியாவிட்டால் என்ன, அது யாருக்குச் சொந்தம் என்ற எதற்கும் கையெழுத்திட்ட விடை இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்பது பபேஜின் நம்பிக்கை. இயந்திரம் அரசின் சொத்து என்பது தெளிவாவதற்கே 1830 ஆகிவிட்டது.

வேலையை எடுத்தவர் ஜோசப் கிளெமென்ட், மிகத் திறமையான பொறிவினைஞர். பபேஜ் கேட்ட நுணுக்கத்தில் சுமார் 25,000 பாகங்களைச் செய்வதற்கு, முதலில் அவற்றைச் செய்யும் கருவிகளையே செய்ய வேண்டியிருந்தது. அன்றைய தொழில் வழக்கப்படி, பணம் யார் கொடுத்தாலும் கருவிகள் தொழிலாளிக்கே சொந்தம். இடையில் 1827 இல் பபேஜின் தந்தை, மனைவி, இரண்டாவது மகன் எல்லோரும் ஒரே ஆண்டில் இறந்துபோனார்கள். உடைந்துபோன மனிதர் ஐரோப்பாவில் அலைந்துவிட்டுத் திரும்பினார். 1832 இல் இயந்திரத்தின் ஏழிலொரு பங்கு பொருத்தப்பட்டது, அது பிழையில்லாமல் இயங்கவும் செய்தது. மறு ஆண்டு பணத் தகராறில் கிளெமென்ட் வேலையை நிறுத்தினார். அரசின் செலவு அப்போதைக்கு 17,000 பவுணைத் தாண்டியிருந்தது. அந்தத் தொகைக்கு அந்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட நீராவி ரயில் என்ஜின்கள் வாங்கியிருக்கலாம்.

இதற்குள் பபேஜின் மனம் வேறோர் இயந்திரத்துக்குத் தாவிவிட்டது. துளையிட்ட அட்டைகளால் கட்டளை பெற்று எந்தக் கணக்கையும் செய்யக்கூடிய பகுப்பாய்வுப் பொறி அது. இதை 1834 இல் அரசுக்கு அறிவித்து, பழையதைத் தொடர்வதா புதியதைத் தொடங்குவதா என்று கேட்டார். நேர்மையான கேள்விதான். ஆனால், முதல் வேலையை ஒப்படைக்காமல் அதைவிடச் சிறந்த ஒன்றைப் பற்றிப் பேசும் ஒருவரை, பணம் கொடுத்தவர் எப்படிப் பார்ப்பார்? எட்டு ஆண்டுகள் பதிலே வரவில்லை. 1842 இல் அரச வானியலாளர் ஜோர்ஜ் எயரி இயந்திரத்தால் பயனில்லை என்று கருத்துச் சொல்ல, பிரதமர் ரொபர்ட் பீலின் அரசு கைவிரித்தது. பபேஜின் முன்கோபத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு, அரசின் குறுகிய பார்வையைக் குறை சொல்வோரும் உண்டு. இரண்டும் இருந்தன. அந்த 1823 சந்திப்பின் முடிவு ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால் இவ்விரண்டுக்கும் அவ்வளவு இடம் கிடைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், எழுதிவைப்பதன் அருமை அந்த மனிதருக்குத் தெரியாததல்ல. ஓர் இயந்திரத்தின் எந்தப் பாகம் எப்போது எதை அசைக்கிறது என்பதைக் குறியீடுகளால் எழுதும் முறையொன்றை 1826 இலேயே அவர் வெளியிட்டார். வரைபடம் பாகங்களின் உருவத்தைத்தான் காட்டும். அவற்றின் நடத்தையைக் காட்ட வேறொரு மொழி வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். இன்று நாங்கள் ஆவணங்களில் படும் பாட்டுக்கு இது மூத்த உறவு. பல்சக்கரங்களுக்கு இவ்வளவு செய்தவர், பணம் தருபவருடனான பேச்சுக்கு அதில் பத்திலொரு பங்கும் செய்யவில்லை.

மற்றவர்கள் எழுதியவையே அவருக்குக் கைகொடுத்தன. பகுப்பாய்வுப் பொறி பற்றி இத்தாலியரான மெனாப்ரியா எழுதிய கட்டுரையை மொழிபெயர்த்த ஏடா லவ்லேஸ், 1843 இல் மூலத்தைவிடப் பெரிதாகத் தன் குறிப்புகளைச் சேர்த்தார். அந்தப் பொறியால் என்ன ஆகும் என்பதை உலகம் அறிந்தது அதன் மூலம்தான். சுவீடனில் ஷொய்ட்ஸ் என்ற தந்தையும் மகனும், வித்தியாசப் பொறி பற்றிய சஞ்சிகைக் கட்டுரையொன்றைப் படித்துவிட்டே தம் பாணியில் ஒன்றைச் செய்து முடித்தார்கள். பபேஜ் பொறாமைப்படவில்லை, அவர்களைப் பாராட்டி ஆதரித்தார்.

1847 முதல் 1849 வரை இரண்டாம் வித்தியாசப் பொறியை அவர் வரைந்தார். முதலாவதைவிட மிகக் குறைந்த பாகங்கள், முழுமையான வரைபடங்கள். அரசு அதையும் ஏற்கவில்லை. 1871 இல் பபேஜ் இறந்தார். இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அந்த வரைபடங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அவரது காலத்தில் சாத்தியமான நுணுக்கத்திலேயே பாகங்களைச் செய்து, சில சிறு பிழைகளை மட்டும் திருத்தி, 1991 இல் கணிக்கும் பகுதியைக் கட்டி முடித்தது. அது 31 இலக்கங்கள் வரை சரியாகக் கணித்தது. அச்சிடும் பகுதி 2002 இல் முடிந்தது. மொத்தம் சுமார் 8,000 பாகங்கள், 5 தொன் எடை.

பகுப்பாய்வுப் பொறி மட்டும் இன்னும் கட்டப்படவில்லை. சாகும்வரை பபேஜ் அதன் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். கட்ட விரும்புகிறவர் முதலில் அந்தக் காகிதக் குவியலுக்குள் உட்கார்ந்து, எந்த வடிவத்தைக் கட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும்.