சரணம் தந்த போதகர்: வண. டி. ரி. நைல்ஸ்

தொண்ணூறுகளில் நம் காலைக் கூட்டத்தில் பாடிய ஓர் ஆங்கிலப் பாடலில் சரணம் என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வரும். சைவப் பிள்ளைகளுக்கு அது கோயிலில் கேட்டுப் பழகிய சொல். பௌத்தத் தோழியருக்கு விகாரையில் சொல்லும் சொல். அது போர்க்காலம். பாடசாலை முடிந்து வீதிக்கு வந்தால் சோதனைச் சாவடியில் எம்மில் சிலர் மறிக்கப்படுவோம். சிலர் தடையின்றிப் போவார்கள். ஆனால் அந்தச் சொல் வரும்போது மண்டபம் முழுவதும் ஒரே குரலாகும். அதை ஆங்கிலப் பாடலுக்குள் வைத்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்பதை நான் வைத்தியரான பின்னரே அறிந்தேன்.

டானியல் தம்பிராஜா நைல்ஸ் 1908இல் பிறந்தார். பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் கற்று மெதடிஸ்த போதகரானார். 1938இல் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் இளம் பிரதிநிதிகளுள் ஒருவராக இருந்தார். பத்து ஆண்டுகளின் பின், உலகத் திருச்சபைகள் மன்றம் அம்ஸ்ரடாமில் தொடங்கியபோது தொடக்க ஆராதனையில் உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது 40. உலகம் அழைத்தாலும் ஊரை விடவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றினார்.

1959இல் கோலாலம்பூரில் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு முறையாகத் தொடங்கியது. அதன் முதற் பொதுச் செயலாளர் அவரே. ஆசியக் கிறிஸ்தவர்கள் மேற்கத்தைய மெட்டுகளிலேயே பாடிவந்த காலத்தில், அவரவர் நாட்டுப் பாடல்களைத் திரட்டி 1963இல் ஒரு பாமாலையை வெளியிட்டார். அதில் 40க்கு மேற்பட்டவை அவர் எழுதியவையும் தழுவியவையும். பஞ்சாபி மெட்டில் அமைந்த நம் சரணப் பாடலும் அவற்றுள் ஒன்று.

1968இல் சுவீடனின் உப்சாலாவில் மன்றத்தின் தொடக்கப் பிரசங்கத்தை மார்ட்டின் லூதர் கிங் நிகழ்த்தவிருந்தார். ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் நின்று பேசியவர் நைல்ஸ். 1970 ஜூலை 17ஆம் திகதி வேலூரில், 62 வயதில் காலமானார்.

இலங்கைத் திருச்சபைகள் ஒன்றாக வேண்டுமென்று அவர் பாடுபட்டார். அது இன்றுவரை கைகூடவில்லை. கொழும்பின் மெதடிஸ்த ஆலயங்களில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஆராதனை நடக்கிறது. ஒரே கூரையின் கீழ் முறைவைத்துக் கூடுவது எளிது. ஒருவர் பாட்டை மற்றவர் கற்றுப் பாடுவதுதான் கடினம். நைல்ஸ் செய்தது அந்தக் கடினமான வேலை. எவருடைய மொழியையும் அவர் கைவிடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு சொல்லைத் தேடி நடுவில் வைத்தார்.

தோழியரே, இன்று நாம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலுமாகச் சிதறியிருக்கிறோம். நூற்றாண்டு விழாவில் மீண்டும் கூடும்போது அந்தப் பாடலை ஒருமுறை பாடுவோம். சொற்கள் மறந்திருந்தாலும் கவலை இல்லை. சரணம் என்ற இடம் வந்ததும் எல்லோரும் சேர்ந்துகொள்வோம்.