சார்லஸ் பாபேஜ்

இலண்டன் மாநகரில் 1791-ஆம் ஆண்டில் பிறந்த சார்லஸ் பாபேஜ் கணிதத்தில் பெரும்புலமை வாய்ந்தவர். அந்நாளில் மாலுமிகள் நம்பிக் கலஞ்செலுத்திய வாய்பாடுகளில் பிழைகள் மலிந்து கிடந்தன. பிழையறக் கணித்து அச்சிடும் பொறியொன்றை அமைக்க அவர் முனைந்தார். 1823-ல் அரசாங்கத்தார் பொருளுதவி செய்யத் தொடங்கினர். ஆயினும், 1832-ல் பொறியின் சிறு பகுதியொன்றே உருவாகியிருந்தது.

அப்பகுதியைத் தம் இல்லத்திற்கு வரும் விருந்தினர்க்கு அவர் இயக்கிக் காட்டுவார். சுழற்றுந்தோறும் எண்கள் ஒரே முறையில் ஏறிக்கொண்டே வரும். திடீரென முறைமாறிய எண்ணொன்று தோன்றும். கண்டோர் பொறி பழுதுற்றதென்றே கருதுவர். அம்மாற்றமோ அவர் முன்னரே அமைத்து வைத்தது! இயற்கை விதிகளைக் கடந்து அற்புதங்கள் நிகழக்கூடுமா என்று அறிஞரும் சமயத்தாரும் வாதிட்ட காலம் அது. அற்புதமும் இறைவன் தொடக்கத்திலேயே வகுத்த பெருவிதியுள் அடங்கியதே என்று, 1837-ல் வெளியிட்ட நூலில் பாபேஜ் இப்பொறியையே சான்றாகக் காட்டினார்.

உலகியலில் அவர் அத்துணைத் திறமுடையவர் அல்லர். பொறி செய்த தொழில்வல்லாரோடு பிணங்கினார். பணி முடியுமுன்னரே, துளையிட்ட அட்டைகளின் ஏவலால் எக்கணக்கையும் செய்யவல்ல வேறொரு பொறியில் 1834-ல் மனஞ்செலுத்தினார். பதினேழாயிரம் பவுனுக்கு மேல் செலவிட்டிருந்த அரசாங்கத்தார் 1842-ல் கைவிட்டனர். இரு பொறிகளும் முற்றுப்பெறாமலே 1871-ல் அவர் காலமானார்.

அவர் பின்னர் வரைந்து வைத்த படங்களின்படி, 1991-ல் இலண்டன் அறிவியல் காட்சிச்சாலையார் கணக்கிடும் பொறியொன்றை அமைத்தனர். அது பிழையின்றிக் கணக்கிட்டது.