ஏ.பி.நாகராஜன்: தமிழுக்கு முதல் சினிமாஸ்கோப் படம் தந்தவர் யார்?

பூந்தமல்லி பக்கம் ஈ.வி.பி ஃபிலிம் சிட்டிக்கு ஷூட்டிங் போகிற கேமராமேன்களுக்கு இன்று கையடக்கமான அனமார்ஃபிக் பிரைம் லென்ஸ்கள் கிடைக்கின்றன. ஆனால் 1973-ல் தமிழில் அகலத்திரை படம் எடுப்பது பெரிய ரிஸ்க். அதை எடுத்தவர், புராணப் படங்களுக்குப் பேர்போன ஏ.பி.நாகராஜன்.

சேலம் மாவட்டம் சங்ககிரி பக்கம் அக்கம்மாபேட்டையில் 1928-ல் பிறந்தவர். சொந்தப் பெயர் குப்புசாமி. சின்ன வயசிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கேதான் நாகராஜன் ஆனார். பெண் வேஷம் கட்டிப் பெயர் வாங்கினார். அவர் எழுதிய 'நால்வர்' நாடகம் 1953-ல் படமாக, அதிலேயே நடிக்கவும் செய்தார்.

அதுக்கப்புறம் நடந்தது பலருக்கும் தெரிஞ்ச கதை. 1964-ல் சிவாஜியை ஒன்பது வேடங்களில் காட்டிய 'நவராத்திரி', 1965-ல் 'திருவிளையாடல்' (அதில் நக்கீரர் இவரேதான்!), 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'.

சினிமாஸ்கோப் என்றால் என்ன?

ஃபிலிம் அதே 35 மி.மீ.தான். அனமார்ஃபிக் லென்ஸ் காட்சியை அகலவாக்கில் பாதியாக நெருக்கிப் பதிவு செய்யும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். அந்த லென்ஸ் இல்லாத தியேட்டரில் எல்லோரும் ஒல்லிக்குச்சியாகத் தெரிவார்கள்! அகலமான திரையும் வேணும். அதாவது தியேட்டர்காரரும் செலவு செய்தால்தான் படம் ஓடும். 1959-ல் குரு தத் எடுத்த இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே ஃபூல்' வசூலில் படுத்துவிட்டது. பயம் வர அதுவே போதும்.

இங்கே துணிந்து பணம் போட்டவர், மவுண்ட் ரோடு ஆனந்த் தியேட்டர் உரிமையாளர் ஜி.உமாபதி. கதை? அரு.ராமநாதன் எழுதி டி.கே.எஸ். குழு மேடையேற்றிய 'ராஜராஜ சோழன்'. நாகராஜன் நடிப்பு படித்த அதே குழு.

தஞ்சை பெரிய கோயிலுக்குள் படமெடுக்க அனுமதி கிடைக்கவில்லை. கோயிலையே செட்டாகப் போட்டார்கள். 1973 மார்ச் 31-ல் படம் வெளியானது. ஒளிப்பதிவு டபிள்யூ.ஆர்.சுப்பாராவ், இசை குன்னக்குடி வைத்தியநாதன். சிவாஜியின் கம்பீரத்துக்கு அந்த அகலம் பொருந்தியது. ஆனால் படம் முழுக்க மேடை வாடை அடித்தது உண்மை. வசனத்தை நம்பி வளர்ந்த இயக்குநருக்கு, திரை அகலமானதும் பழக்கம் மாறிவிடுமா என்ன?

எம்.ஜி.ஆரை வைத்து இவர் இயக்கிய ஒரே படம் 'நவரத்தினம்'. 1977 மார்ச்சில் வந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 5-ல் நாகராஜன் காலமானார். வயது 49.