பூச்சியுண்ணுஞ் செடி வளர்த்த பேரறிஞர்

தமிழாசிரியருக்குத் தாவரவியலில் என்ன அலுவல் என்று எம் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். புலால் மறுத்தலைப் பல்லாண்டு வகுப்பிற் போதித்து வந்த யாம், ஊனுண்ணுஞ் செடிகளும் உலகில் உள என்று அறிந்தபோது கொண்ட வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம். அவ்வுண்மையை ஆராய்ந்து நிறுவியவருள் முதன்மையானவர் சாள்ஸ் டார்வின். 1809 இற் பிறந்து 1882 இல் மறைந்த இவ்வாங்கிலப் பேரறிஞரை, உயிரினத் தோற்றம் பற்றிய நூலால் உலகம் நன்கறியும். அவர் சட்டிகளிற் பேணிய சிறு பூண்டுகளை அறிந்தார் சிலரே.

1859 இல் அந்நூல் வெளிவந்தது. நாடெங்கும் பூசல் மூண்டது. அடுத்த ஆண்டு கோடையில் டார்வின் சசெக்ஸ் பகுதியில் உறவினர் இல்லத்திலே தங்கியிருந்தார். அங்குச் சதுப்பு நிலத்தில் துரொசேரா என்னும் சிறு பூண்டைக் கண்டார். அதன் வட்ட இலைகளிற் செந்நிற மயிர்கள் உண்டு. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பனித்துளி போன்ற பசைத்துளி மின்னும். சிற்றுயிர்கள் பல அவற்றில் ஒட்டி இறந்து கிடந்தன. பிறராயின் பார்த்துவிட்டு நடந்திருப்பர், இவரோ எண்ணினார். பன்னிரண்டு பூண்டுகளில் விரிந்த இலைகள் 56. அவற்றுள் 31 இல் பூச்சியோ அதன் எச்சமோ இருந்தது. அன்று தொடங்கியது இவ்வேட்கை. உயிரினங்கள் அனைத்தின் தோற்றத்தினும் இப்பூண்டின்மீதே தமக்கு அக்கறை மிகுதி என்று நண்பர் லையலுக்கு அவ்வாண்டே எழுதினார்.

பால், முட்டை வெண்கரு, பச்சிறைச்சி முதலியவற்றை இலையில் இட்டார். மயிர்கள் வளைந்து தழுவின. சீனிநீர், ஒலிவெண்ணெய் ஆகியவற்றுக்கு அசையவில்லை. எம்மவர் பெரிதும் விரும்பும் தேநீருக்குந்தான் அசையவில்லை! நைதரசன் உள்ள பொருளையே அது நாடிற்று. வறிய சதுப்பு மண்ணில் நைதரசன் அரிது அன்றோ? மழைத்துளி வீழ்ந்தால் வாளாவிருக்கும் அம்மயிர், ஒரு கிறெயினின் 78,740 இல் ஒரு பங்கு நிறையுள்ள தலைமயிர்த் துண்டு பட்டதும் வளைந்தது.

இவ்வளவும் தனியொருவர் தேட்டமன்று. 1863 இல் டவுண் கிராமத்து இல்லத்தில் அவர் கண்ணாடிமனை அமைத்தபோது, கியூப் பூங்காவைச் சேர்ந்த நண்பர் ஹூக்கர் அதற்குச் செடிகளை வழங்கினார். போர்த்துக்கல்லின் ஒப்போட்டோவிலிருந்து தெயிற் என்பவர் திரொசொபில்லம் என்ற செடியை உயிருடன் அனுப்பினார். அவ்வூர்க் குடியானவர் ஈக்களைப் பிடிக்க அதனை வீட்டிலே தொங்கவிடுவராம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலே வாழ்ந்த மேரி திறீற் என்னும் அம்மையார், தாம் வளர்த்தவற்றிற் கண்டதைக் கடிதங்களில் எழுதினார். டார்வினும் தம் நூலில் அவர் பெயரைச் சொல்லியே அதனை எடுத்தாண்டார். கொடுத்தவர் பெயரை மறவாத இப்பண்பு எம் உள்ளத்தை ஈர்க்கின்றது.

நோயும் பிற நூல்களும் இடைபுகுந்தமையாற் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1875 இலேயே பூச்சியுண்ணுஞ் செடிகள் பற்றிய நூல் வெளிவந்தது. எனினும் ஒரு வினா எஞ்சியது: இவ்வூனாற் செடிக்கு உண்மையில் நன்மை உண்டா? மைந்தர் பிரான்சிஸ் துரொசேராப் பூண்டுகளை இரு பிரிவாக்கி, ஒன்றிற்கு மட்டும் வாட்டிய இறைச்சித் துணுக்குகளை இட்டு வளர்த்தார். ஊட்டப்பெற்றவை மற்றவற்றினும் இரு மடங்கிற்கு மேலான விதைகளை ஈன்றன. அம்முடிவு 1878 இல் வெளியாயிற்று. அப்போது தந்தையாருக்கு வயது அறுபத்தொன்பது.