அர்ச். தேவசகாயமும் யோபு ஆகமமும்



பருவம் தப்பிப் பெய்யும் ஒரு மழை, பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பை ஒரே இரவில் கரைத்துவிட்டால் வீட்டின் நிலை என்னவாகும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்படிப்பட்ட நஷ்ட காலத்தில் வேதாகமம் ஒரு மனிதருக்கு என்ன செய்தது என்று கேளுங்கள்.

1712-ம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மரிடம் உத்தியோகம் பார்த்தவர். ஒரு சமயம் அவருடைய கால்நடைகள் மடிந்தன, செல்வம் குறைந்தது, மனம் இடிந்துபோனார். அப்போது டிலனாய் என்னும் கத்தோலிக்க நண்பர் அவருக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துரைத்தார். 1741-ம் ஆண்டு குளச்சல் போரில் மகாராஜாவிடம் பிடிபட்டு, பின்பு அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்தவர் இவர்.

ஒரே நாளில் மாடுகளையும் மந்தைகளையும் மக்களையும் இழந்தும் சர்வேசுரனை விடாத யோபுவின் கதையில், நீலகண்டர் தம்முடைய துயரத்தையே கண்டார். கேட்டதோடு விட்டுவிடாமல் விசாரித்தார், சிந்தித்தார். 1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார்.

இழந்த செல்வம் யோபுவுக்கு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்கோ இவ்வுலகில் கிடைத்தது விலங்கு. 1749-ல் சிறைப்பட்டு, எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராய் அவமானப்படுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியானார். அவருடைய சரீரம் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கமாகியிருக்கிறது. 2022 மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

ஆகவே, நஷ்டத்தை ஈடுகட்டும் மந்திரமாக வேதாகமத்தை எண்ணாதீர்கள். நஷ்டத்திலும் நிலைகுலையாத இருதயத்தை அது தரும். அதற்கு வழி என்ன? இரவு செபம் முடிந்ததும் ஒருவர் ஒரு பகுதியை நிதானமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு சற்று நேரம் மௌனமாயிருங்கள். இந்தக் கதையில் என் கவலை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுப் பாருங்கள். மனதில் தைத்த ஒரு வார்த்தையை மறுநாள் வேலைக்குக் கூடவே கொண்டுபோங்கள். அதிகம் வாசிக்கவேண்டும் என்று அவசரப்படவேண்டாம். பாத்தியில் பாய்ந்த நீர் அன்றைக்கே உப்பாகிவிடுகிறதா? பல நாள் வெயிலில் காய்ந்தல்லவா விளைகிறது!

இந்த வாரம் யோபு ஆகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைத் தொடங்குங்கள். அர்ச். தேவசகாயம் நமக்காக வேண்டிக்கொள்வாராக.