மானிப்பாயில் தமிழ் கற்ற வைத்தியர்

அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று, 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டு மானிப்பாய். இன்று அங்குள்ள வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வந்தவர் தமிழ் படித்தார். நெஞ்சு எரிவது வேறு, நெஞ்சு இறுக்குவது வேறு. வயிறு பிரட்டுவது வேறு, வயிற்றில் குத்துவது வேறு. நோயாளி சொல்லும் சொல் விளங்காவிட்டால் நோய்க்குறி எப்படி விளங்கும்?

1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிக் கிராமத்தை விட்டுப் போனார்கள். ஆகவே 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் பயின்றவர்கள்.

கற்பிக்க நூல் வேண்டுமே! மாணவர்களின் துணையோடு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தமிழாக்கினார். 1867இல் சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’, 1872இல் நோய்களையும் சிகிச்சையையும் கூறும் ‘வைத்தியாகரம்’, 1875இல் இரசாயனம் பற்றிய ‘கெமிஸ்தம்’ வெளிவந்தன. உடலமைப்பியலுக்கு அங்காதிபாதம் என்று பெயரிட்டார். உயர்தர உயிரியல் படிக்கும் எனக்கு அந்தச் சொல் சற்றுக் கடினந்தான். ஆயினும் முன்பு எவரும் நடக்காத பாதை அது.

வவுனியாவில் எங்கள் உம்மம்மாவுக்கு மாதாந்தக் கிளினிக்கில் நான்கு வகைக் குளிசைகள் கொடுப்பார்கள். உறையில் எழுதியிருப்பது அவருக்கு விளங்காது. வெள்ளை காலையில், சிறியது இரவில் என்று நிறத்தையும் அளவையும் பார்த்தே விழுங்குவார். அடுத்த மாதம் அதே மருந்து வேறு நிறத்தில் வந்தால் வீட்டில் குழப்பந்தான். மருந்தின் பெயர், வேளை, அளவு, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வரவேண்டும் என்பதை ஒரு தாதி அவரது மொழியில் இரண்டு நிமிடம் சொன்னால் போதும். கிறீனின் உழைப்பை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

உடல்நலம் குன்றி 1873இல் அவர் தாயகம் திரும்பினார். அங்கிருந்தபடியும் தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். இந்திய மருந்துப் பொருட்களை விளக்கும் ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இல் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதம் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்குமாறு கேட்டிருந்தார்.